கெர்னல் பூட்டும் லூப்பை விட்டு முன்கூட்டி வெளியேறுதலும்

கெர்னல் பூட்டு, பல செயலிகள் ஒரே தரவை ஒரே வேளையில் மாற்றிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு. லூப் முடியுமுன் பிரேக், ரிட்டர்ன், கோடூ ஆகியவற்றால் வெளியேறும்போது எடுத்த பூட்டை விடாமல் போவது கெர்னல் நிரலாக்கத்தின் பழம்பிழை. ஸ்பின்லாக் வகைப் பூட்டு விடப்படாவிட்டால், அதற்காகக் காத்திருக்கும் செயலி வேறு வேலை பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பிழைக்கான பழியைப் பொதுவாக முன்கூட்டி வெளியேறுவதன்மேல் போடுவார்கள்; வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1960களில் செமாஃபோர் என்ற பூட்டு முறையை வகுத்த டைக்ஸ்ட்ராவே 1968இல் கோடூவைக் கண்டித்தும் எழுதினார். கெர்னல் எழுதியவர்கள் முன்னதை ஏற்றார்கள், பின்னதைக் கண்டுகொள்ளவில்லை. 1996இல் வந்த லினக்ஸ் 2.0இல் ஒரே பெரும் பூட்டுதான். கெர்னலுக்குள் நுழையும்போது அதை எடுத்து, வெளியேறும்போது விட்டார்கள்; நடுவில் எந்த லூப்பை எப்படி முறித்தாலும் கேடில்லை. வேகத்துக்காக அது சிறு பூட்டுகளாகச் சிதறியபோதுதான் ஒவ்வொரு வெளியேற்றமும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெரும் பூட்டை அடியோடு அகற்ற 2011இன் 2.6.39 பதிப்பு வரை ஆனது.

மும்பை ஐஐடி உட்படப் பல இடங்களில் பாடமாக உள்ள, எம்ஐடி உருவாக்கிய எக்ஸ்வி6 கெர்னலின் ரிஸ்க்-வி பதிப்பிலுள்ள அல்லாக்ப்ராக் செயற்கூறைப் பார்க்கலாம். செயல்முறைப் பட்டியலின் ஒவ்வோர் இடத்துக்கும் பூட்டை எடுக்கிறது. இடம் காலியில்லை என்றால் பூட்டை விட்டு அடுத்ததற்குப் போகிறது. காலியென்றால் கோடூ மூலம் லூப்பைவிட்டுத் தாவுகிறது. அப்போது பூட்டை விடுவதில்லை. அழைத்தவர் கையிலேயே அதை ஒப்படைப்பதுதான் நோக்கம். இங்கே ரிலீஸ் இல்லாதது பிழையல்ல, ஒப்பந்தம். ஒரு செயற்கூறுக்கு ஒரே வாயில்தான் இருக்க வேண்டும் என்போர், கொடி மாறி ஒன்றை வைத்து லூப்பை முடிக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பூட்டு கையில் இருக்கிறதா என்ற செய்தி அந்த மாறிக்குள் ஒளிந்துகொள்ளும். பூட்டுக் கணக்கைச் சரிபார்க்கும் ஸ்பார்ஸ் கருவி, சரியான நிரலைக்கூடக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று குறை சொல்லக்கூடும். பிழைக்குக் காரணம் வெளியேற்றமல்ல. விடும் பொறுப்பு யாருடையது என்பது நிரலில் எழுதப்படாததே.

தரவைப் படிப்பவர் பூட்டே எடுக்காவிட்டால் தொல்லை தீருமே என்பது இன்னொரு மறுப்பு. பெங்களூரு ஐபிஎம் மென்பொருள் ஆய்வகத்தின் தீபங்கர் சர்மா, அப்படிப் பூட்டின்றிப் படிக்க உதவும் ஆர்சியூ முறையை லினக்ஸுக்கு எழுதினார். அது 2002 அக்டோபரில் 2.5.43இல் சேர்ந்தது. அதைப் பயன்படுத்தித் தரவைப் படிக்கும் இடங்களில் பூட்டுக்கான காத்திருப்பு ஒழிந்தது. ஆயினும் படிக்கும் பகுதிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. லூப்பை முறித்துப் போகிறவர் முடிவைக் குறிக்க மறந்தால், முன்பறிப்புக் கெர்னலில் பழைய தரவை விடுவிக்கும் வேளை வாராமலே போகலாம். காத்திருப்பு போனது, பொறுப்பு போகவில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்க 2023இல் லினக்ஸ் 6.5 பதிப்பில் வந்த கார்டு என்னும் மேக்ரோ, வரம்பு முடிந்ததும் தானாகப் பூட்டை விடுகிறது. அதன் துணையான ஸ்கோப்டு கார்டு மேக்ரோ உள்ளுக்குள் ஒரு ஃபார் லூப். அதற்குள் எழுதிய பிரேக், வெளி லூப்பை விட்டல்ல, அந்த மேக்ரோவை விட்டு மட்டுமே வெளியேறும்.