அயலூரில் உண்ட உப்பு

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முதுமொழி. ‘எமக்கும் உமக்கும் இடையே ரொட்டியும் உப்பும் உண்டு’ என்பது அரபியர் வழக்கு. மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் வாழ்வோருக்கு இவற்றின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாத்தியில் உவர்நீர் வற்றி உப்பாக, எத்தனை பேர் வெயிலில் காய வேண்டும் என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். இக்கரை உள்ளிட்ட சோழமண்டலக் கடற்கரையை அரபியர் ‘மஃபர்’ என்று அழைத்தனர். கடக்கும் இடம் என்பது அதன் பொருள். சரக்குகளோடு கல்வி தேடுவோரும் கடல் கடந்த காலம் அது. பிறந்த மண்ணை விட்டுச் சென்ற அம்மாணவர்களுக்கு உப்பிட்டவர் யாவர்? நம் வரலாற்று நூல்கள் இதைக் குறித்து அதிகம் பேசுவதில்லை. ஆசிரியர் பெயரும் கற்ற கிதாபுகளின் பெயரும் அவற்றில் உண்டு. மாணவன் இரவில் எங்கே படுத்தான், எவர் வீட்டுச் சோற்றை உண்டான் என்பது அரிதாகவே காணப்படுகிறது.

அவ்வரிய செய்திகளைத் தந்தோருள் முதல்வர் இப்னு பதூதா. 1326இல் கெய்ரோவைக் கண்ட அவர், அங்கிருந்த தர்வேசுகளின் தங்குமனைகளை விரிவாக வருணிக்கிறார். காலையில் பணியாளர் வந்து, ஒவ்வொருவருக்கும் என்ன உணவு விருப்பம் என்று கேட்டுச் செல்வார். ரொட்டியும் குழம்பும் தனித்தனிக் கலத்தில் வரும். கோடைக்கும் குளிருக்கும் உடை, சலவைக்குச் சோப்பு, விளக்குக்கு எண்ணெய், வெள்ளி இரவுக்கு இனிப்பு என யாவும் வக்ஃபுச் சொத்திலிருந்து வழங்கப்பட்டன. அதே ஆண்டில் திமிஷ்கில் அவர் கண்டது இன்னும் வியப்புக்குரியது. சீனப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிட்டு நின்ற ஓர் அடிமைச் சிறுவனிடம், அதற்கென ஏற்பட்ட வக்ஃபின் பொறுப்பாளரிடம் துண்டுகளைக் காட்டும்படி மக்கள் கூறினர்; மாற்றுத் தட்டுக்கு உரிய தொகையும் கிடைத்தது. மனம் உடையாதிருக்கவும் அறம் செய்த சமுதாயம் அது.

அவரே மலபாரின் ஹீலி பள்ளிவாசலையும் குறிப்பிடுகிறார். ஏழிமலையை ஒட்டிய ஊர் அது. அங்கே ஓதிய மாணவர்களுக்குப் பள்ளிவாசல் வருவாயிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் உணவளிக்கச் சமையற்கூடம் இருந்தது. மக்காவில் 14 ஆண்டுகளும் மதீனாவில் அதே அளவும் தங்கியிருந்த, ஆப்பிரிக்காவின் மொகதிஷுவைச் சேர்ந்த ஸயீது என்னும் மார்க்க அறிஞரை அவர் சந்தித்ததும் அங்கேதான். உலகம் எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதற்கு இந்த ஓர் ஊரே சான்று.

நம் கரையோடு உறவுடைய சான்றும் உண்டு. 1467இல் கொச்சியில் பிறந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் பெயரோடு ‘அல்-மஃபரீ’ என்பது ஒட்டியிருக்கிறது. அவர்தம் முன்னோர் மஃபரிலிருந்து சென்றவர்கள். மக்காவிலும், பின்னர் கெய்ரோவின் அல்-அஸ்ஹரிலும் அவர் பயின்றார். அஸ்ஹரில் ஆசிரியர் தூணருகே அமர்வார். மாணவர் சுற்றிலும் வட்டமாக இருப்பர். அயல்நாட்டார் தங்குவதற்கு ‘ரிவாக்’ என்னும் பிரிவுகள் நாட்டுவாரியாக அமைந்தன. மக்ரிபியருக்கும் ஷாம் நாட்டாருக்கும் துருக்கியருக்கும் இருந்தது போல, இந்தியருக்கும் ஜாவாக்காரருக்கும் நாளடைவில் ரிவாக்குகள் ஏற்பட்டன. மாணவருக்கு ரொட்டி அளந்து வழங்கப்பட்டது. அயல்மண்ணில் தன் மொழி பேசும் நாலு பேரோடு உண்ணும் வாய்ப்பு அதனால் கிட்டியது.

பொன்னானிக்கு வந்த மக்தூம் அவர்கள், உண்ட உப்பை மறக்கவில்லை. அங்கே அவர் வளர்த்த கல்விக்கூடத்திற்கு ஜாவா, மலாய்த் தீவுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். பள்ளிவாசலின் பெரிய எண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதுவது அவ்வூர் மரபு. அவ்விளக்கருகே அமர்த்தப்பட்டவரே ‘முஸலியார்’ என்று மதிக்கப்பட்டார். இரவல் விளக்கொளியில் ஓதிய பிள்ளைகளுக்குச் சோறிட்டவர்கள் அக்கம்பக்கத்து வீட்டார். இன்ன மாணவருக்கு இன்ன வீடு என்று வகுத்துக்கொள்வது மலபாரின் பள்ளிவாசல் ஓதுகைகளில் நெடுங்காலம் நிலவிய வழக்கம்.

வேலூரின் கதையும் இதுவே. மக்காவில் மவ்லானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டுத் திரும்பிய ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் (ரஹ்) நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்கு, கேரளத்தாரும் இலங்கையரும் மலாய் நாட்டாரும் வந்து பயின்றனர். அங்கே நெடுங்காலம் பாடமொழி உருது. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் ஒரே மதரஸாவில் மூன்று மொழிகளோடு பழக நேர்ந்தது. நாம் அயலூருக்குச் சென்று உண்டவர்கள் மட்டுமல்லர். அயலாருக்கு உப்பிட்டவர்களும் ஆவோம்.

1961இல் மதீனாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் தோன்றியது. கெய்ரோவிலும் அயல்நாட்டு மாணவருக்கென விடுதி நகரமே எழுந்தது. இன்று செல்லும் பிள்ளைக்கு அறையும் உணவுக்கூடமும் உண்டு. நன்றே. ஆனால் ஒரு வீட்டு அடுப்புக்கும் ஒரு மாணவனுக்கும் இருந்த உறவு அதனால் மெலிந்தது. அவ்வுறவை அறிந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். ‘மதரஸாப் பிள்ளைக்கு’ என்று முதலில் எடுத்துவைத்த சோறு எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உண்டு ஓதிய பிள்ளைகள் யார், எவ்வூரார், என்ன உணவை விரும்பினர் என்று மூத்த பெண்மக்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பெட்டியின் அடியில் அரபுத்தமிழ் மடல்கள் இருந்தால், படிக்கத் தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள்; படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே காட்டுங்கள். ஆலிம்களின் சரித்திரத்தை ஆலிம்கள் எழுதினர். அவர்களை ஆலிமாக்கிய அடுப்புகளின் சரித்திரத்தை எழுதும் கடன் நம்முடையது.