மறைந்து மீண்ட மரகதத் தும்பி

ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த காடுகளில் ஊறும் நீர், அக்கரப்பத்தனைத் தேயிலை மலைகளினூடே ஆக்ரா ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயா வழியே மாவலி கங்கையை அடைகின்றது. மாவலிக்கு நீர் வழங்கும் மற்றொரு மலைப்பகுதி இறம்பொடை. மலைநாட்டு நீர்நிலைகளின் சரித்திரத்தில் மறக்கவொண்ணாத ஒரு கதை அங்கேதான் தொடங்கிற்று.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜோன் நீட்னர் என்னும் ஜேர்மனியர் அப்பகுதியில் கோப்பித் தோட்டம் நடத்தி வந்தார். பூச்சியினங்களை ஆராய்வதில் பெருவிருப்புடைய அவர், கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி 1861ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் சேகரித்தவற்றுள் மரகதம் போல் மின்னும் ஊசித்தும்பி ஒன்றும் இருந்தது. ஹாகன் என்ற அறிஞர் ஆராய்ந்து விவரித்த அவ்வினம் 1862இல் அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது. 1951இல் பிரேசர் என்பார் அதற்கெனத் தனிப் பேரினம் வகுத்தார். சிங்கலெஸ்டெஸ் ஓரியென்டாலிஸ் என்பது அதன் பெயராயிற்று. இலங்கையிலன்றி வேறெங்கும் காணப்படாத இனம் அது. ஆயினும் நீட்னருக்குப் பின் நெடுங்காலம் அது எவர் கண்ணிலும் படவில்லை.

தும்பி தன் இளம்பருவத்தை நீருக்குள்ளே கழிப்பது. காட்டுத் தும்பிக்கு மரநிழலும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை. காடு அழிந்தால் ஓடையில் வெயில் விழும். மண் கரைந்து நீர் கலங்கும். கோப்பிக் காலத்தில் மலைச்சரிவுகளில் நேர்ந்தது இதுவே. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த தொழிலாளர், துரைமாரின் ஆணைப்படி காட்டை வெட்டினர். கோப்பியின் பகையைத் தேடிய காலத்தில், காட்டுக்குப் பகையாய் நின்றது கோப்பியே. 1869இல் தோன்றிய இலைநோய் அக்கோப்பியையும் வீழ்த்திற்று. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது.

எனினும் காடு முற்றாக அழியவில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்க வேண்டுமென்று தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் கூறிய ஆலோசனையை அரசு ஏற்றது. சிவனொளிபாத மலைக்காடு 1940இல் சரணாலயமாயிற்று. அக்காட்டிலேதான் 2012இல், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், அந்த ஊசித்தும்பி மீண்டும் காணப்பட்டது. அமில சுமனபாலவும் ஸ்லோவேனியரான மட்யாஸ் பெட்ஜானிச்சும் அச்செய்தியை மறு ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர்.

தும்பியைப் பிடித்த துரையின் பெயர் ஏட்டில் நிற்கிறது. காட்டை வெட்டிய கைகளுக்கு அங்கே பெயரில்லை. ஆனால் அக்கைகளின் வழிவந்தோரே இன்றும் ஓடைகளின் கரையில் வாழ்கின்றனர். லயத்துப் பீலியில் விழும் நீர் மேலேயுள்ள காடு தரும் நீரே. தும்பி பிழைத்திருக்கும் ஓடை, மனிதரும் நம்பி வாழத்தக்க ஓடை. எஞ்சிய காட்டைக் காப்பது இருவர் வாழ்வையும் காப்பதாகும்.