புல்லுக்கு இடமளித்த ஜேர்மானியர்

தமிழில் ஒருவரை இழித்துரைக்க ‘புல்லன்’ என்கிறோம். நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல்லினமே என்றாலும், முற்றத்தில் புல் தலைகாட்டினால் செருக்கி எறிவதே எமது வழக்கம். ஐரோப்பியரும் நெடுங்காலம் எம்மைப் போலத்தான். ஒட்ட வெட்டிய புற்றரை அவர்களுக்கு அழகு. நிமிர்ந்து வளர்ந்த புல்லோ பெரும்பாலும் களை.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் தொடர்மாடிகளின் பல்கனிகளில், வைக்கோல் நிறக் கதிர்களுடன் ஆளுயரத்திற்கு நிற்கும் புற்சாடிகளைக் காணலாம். அவற்றுள் பெரிதும் பரவிய வகையொன்றின் பெயர் ‘கார்ல் ஃபோர்ஸ்டர்’. 2001இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுத் தாவரமாகத் தெரிவானதும் இதுவே. எம்மவர் பலர் பெயரறியாமலேயே இதற்கு நீரூற்றி வருகின்றனர். பெயருக்குரிய மனிதரின் கதை அறியத்தக்கது.

கார்ல் ஃபோர்ஸ்டர் 1874இல் பேர்லினில் பிறந்தார். தந்தை வில்ஹெல்ம் புகழ்பெற்ற வானியலாளர். 1914இல் ஜேர்மானிய அறிஞர்கள் 93 பேர் போரை ஆதரித்து விடுத்த அறிக்கையில் ஒப்பமிட்ட அவர், அதே ஆண்டில் ஐன்ஸ்டீனுடன் சேர்ந்து அதற்கு எதிரான அறிக்கையிலும் ஒப்பமிட்டார். அறிஞர்கள் மனம் மாறுவது அரிது. அதைக் கையெழுத்திட்டுக் காட்டுவது அதனினும் அரிது. சகோதரர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் போர் எதிர்ப்பாளர். 1933 மே மாதத்தில் நாஜிகள் தீயிலிட்ட நூல்களில் அவருடையவையும் இருந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அவரது குடியுரிமையும் பறிக்கப்பட்டது. நூல்கள் எரிவதன் பொருளை 1981இன் பின்னர் யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கார்ல் நாட்டைவிட்டு வெளியேறவில்லை. பொட்ஸ்டாம் நகருக்கு அருகே, போர்னிமில் தாம் அமைத்த நாற்றுப்பண்ணையிலேயே தங்கிவிட்டார். போனவர்களின் கதையை எழுதுவது எளிது. இருந்தவர்களின் கதை அப்படியன்று. தூய ஜேர்மானியத் தாவரங்களே போதும் என்ற முழக்கம் எழுந்த காலத்தில், அவர் பிறநாட்டுச் செடிகளைக் கைவிடவில்லை. யூத நண்பர்களுக்குப் பண்ணையில் வேலையும் கொடுத்தார். அதேவேளை, அவரோடு இணைந்து தொழில் செய்த ஹெர்மன் மாட்டெர்ன்தான் 1939இல் ஸ்ருட்கார்ட்டில் அரச தோட்டக் கண்காட்சியை வடிவமைத்தவர். இரண்டையும் ஒருசேர வைத்தே அந்த வட்டாரத்தை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

போருக்குப்பின் போர்னிம் கிழக்கு ஜேர்மனிக்குள் அகப்பட்டது. அங்கிருந்துதான் 1957இல், தமது 83ஆம் வயதில், புற்களும் பன்னங்களும் தோட்டத்தினுள் நுழைவது குறித்த நூலை அவர் வெளியிட்டார். 1961இல் சுவர் எழுந்தது. ஆயினும் அவரது நோக்கு எல்லை கடந்திருந்தது. மேற்கே அவருடைய மாணாக்கர் ஏர்ன்ஸ்ட் பாகெல்ஸ் புதிய புல்வகைகளை உருவாக்கினார். 1957இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த வொல்ஃப்காங் ஏமெ, வாஷிங்டன் நகரின் பொதுத் தோட்டங்களைப் புல்லால் நிரப்பினார். கார்ல் 1970இல் காலமானார்.

இனி, பல்கனியில் இதை வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள். குளிர்நாட்டுப் புல்லாகையால் கொழும்பு வெப்பத்தில் இது தேறாது. இங்குள்ளோர் வெட்டிவேரைச் சாடியில் வைப்பதே மேல். குளிர்நாடுகளில் பெரிய, அடியில் துளையுள்ள சாடி வேண்டும். மட்சாடி உறைபனியில் வெடித்துவிடக்கூடும். காய்ந்த தாள்களை மாரி முழுவதும் அப்படியே விட்டு, வசந்தம் தொடங்குமுன் ஒரு சாண் உயரத்திற்கு வெட்டுக.

இந்தப் புல் முளைக்கும் விதை தருவதில்லை. உலகெங்குமுள்ள சாடிகள் யாவும் ஒரே செடியைப் பிரித்துப் பிரித்து வைத்தவையே. சில ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி பட்டுப்போகும். அப்போது வசந்தத்தில் வேரோடு எடுத்து, கூரிய கத்தியால் பிளந்து, பட்ட நடுவை எறிந்துவிட்டு ஓரத்துண்டுகளைப் புதுமண்ணில் நடுக. மிஞ்சுவதை அயல்வீட்டுக்குக் கொடுக்கலாம்.