நிழலுக்கு என்ன நிறம்?

புழலில் காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போகாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் பேத்தி செல்போனில் ஓர் ஓவியம் காட்டினாள். ஜன்னல் திண்டில் இரண்டு பூந்தொட்டிகள். கடையில் சுற்றிக் கொடுத்த மெல்லிய வெள்ளைத்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பின்னால் மலை. ‘சைக்ளமனும் பிரிமுலாவும்’ என்று பெயர். எண்ணெய் வண்ணத்தில் 1923 வாக்கில் வரைந்தது. கேம்பிரிட்ஜில் கெட்டில்ஸ் யார்டு என்ற காட்சியகத்தில் இருக்கிறதாம். அந்த வெள்ளைத்தாளில் விழும் நிழலைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். கறுப்பே இல்லை. நீலமும் ஊதாவும்!

வரைந்தவர் வினிஃப்ரெட் நிக்கல்சன் (1893–1981), இங்கிலாந்துக்காரர். அப்பா சார்லஸ் ராபர்ட்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர். 1914–15இல் லண்டனில் இந்திய விவகாரத் துறையின் துணை அமைச்சர். அவரோடு 1919–20இல் இந்தியா, இலங்கை, பர்மா எல்லாம் சுற்றினார் இந்த அம்மா. ஜாலியன்வாலாபாக் நடந்த அதே 1919! ஆளவந்தவர் வீட்டுப் பெண்ணின் உல்லாசப் பயணம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் கீழை நாட்டு ஓவியங்களில் வெயிலைக் காட்ட இளம் ஊதாவைத் தீட்டுகிறார்கள் என்பதை இந்தப் பயணத்தில்தான் கவனித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி, 1920இல் ஓவியர் பென் நிக்கல்சனை மணந்து, பிறகு வாழ்நாள் முழுக்க ஜன்னலோரப் பூக்களை வரைந்தார்.

காரணம் எளிது. மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. பக்கத்தில் வைத்தால் மஞ்சள் இன்னும் பளிச்சிடும். வெட்டவெளி நிழலில் சூரியன் படாவிட்டாலும் வானத்தின் நீல வெளிச்சம் விழுகிறதே!

இது தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். தொண்ணூறுகளில், நான்காம் வகுப்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் செம்பருத்தி வைத்து வரையச் சொன்னேன். ஒரு பையன் பாட்டிலின் நிழலுக்கு ஊதா கிரேயான் தேய்த்திருந்தான். “நிழல் எங்கேடா கத்தரிப்பூ கலரில் இருக்கும்?” என்று அதட்டி, நானே கறுப்பை எடுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தேன். வகுப்பே சிரித்தது. “அப்படித்தான் தெரியுது டீச்சர்” என்றான், மெதுவாக. அதற்கப்புறம் ஓவிய வகுப்பில் அவன் கறுப்புப் பென்சிலைத் தவிர எதையும் தொட்டதில்லை. அதையும் நான் அடக்கம் என்று நினைத்தேன்.

பெயர் எழுத மாட்டேன், அவனுக்குத் தெரியும். தம்பி, நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். இதைப் படித்தால் டீச்சருக்கு ஒரு போன் போடு. அதே பழைய நம்பர்தான்.