ராட்டின வரிசையும் ஒரு பழைய கணக்கும்



போன வாரம் பெங்களூருவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "டீச்சர், லீவுல பிள்ளைகள தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். வரிசையில நிக்காம போற ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விலை சொல்லுதாங்க. எடுக்கலாமா, வேண்டாமா? நீங்க கணக்கு டீச்சராச்சே."

எடு, எடுக்காதே என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்க மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் உரிமை அதிகம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தது நீண்டு போய்விட்டது. அவனிடம் கேட்டுக்கொண்டு, பெயரைச் சொல்லாமல், இங்கேயே போடுகிறேன்.

நம் வள்ளியூர் தேரோட்டத்துக்கு வந்த ராட்டினத்திலிருந்து தொடங்கலாம். நான் சிறுமியாக இருந்தபோது மரத்தால் செய்த குடைராட்டினமும், நான்கு பெட்டி தொங்கும் தொட்டில் ராட்டினமும்தான். ஆள் கையால் சுற்றிவிடுவார். ஒரு தடவை ஏறப் பத்துப் பைசா. அப்பா தேருக்குக் கொடுப்பது நாலணா. அதில் சவ்வுமிட்டாய்க்கும் வளையலுக்கும் போக ராட்டினத்துக்கு ஒரு தடவை மிஞ்சினால் பெரிது. கூட்டம் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் யாரும் காத்து நின்ற நினைவு இல்லை. நம் கையில் இருந்த காசே நம்மைத் தடுத்து நிறுத்திவிட்டது. எத்தனை தடவை ஏறலாம் என்பதை மடியில் முடிந்திருந்த நாலணா தீர்மானித்தது.

அமெரிக்காவிலும் முதலில் இதே முறைதான். வால்ட் டிஸ்னி 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்தார். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்த முதல் நாளிலேயே கள்ள டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். (நம் ஊர்தான் மோசம் என்று நினைக்க வேண்டாம்.) அந்த அக்டோபரிலேயே டிக்கெட் புத்தகம் வந்தது. புத்தகத்துக்குள் ஏ, பி, சி என்று தாள்கள். சின்ன ராட்டினத்துக்கு ஏ, கொஞ்சம் பெரியதற்கு பி என்று கிழித்துக் கொடுக்க வேண்டும். 1959இல் 'இ' டிக்கெட் வந்தது. மிகப் பெரிய, மிகப் புகழ்பெற்ற சவாரிகளுக்கு அதுதான். ஒரு புத்தகத்தில் 'இ' தாள்கள் கொஞ்சம்தான் இருக்கும். எல்லோரும் ஒரே சவாரியில் போய் விழாமல் கூட்டம் தானாகப் பிரிந்தது.

1982இல் அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள். வாசலில் ஒரே கட்டணம், உள்ளே போனபின் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! ஆனால் இன்றைய நீண்ட வரிசைக்கு மூல காரணம் அதுதான். காசு கேட்காத இடத்தில் நேரத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு இவ்வகைப் பூங்காக்கள் 1980களில் வந்தன. டெல்லியில் அப்பு கர் 1984இல். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அது. மும்பை பக்கம் எஸ்ஸெல் வேர்ல்டு 1989இல். தாம்பரம் அருகே கிஷ்கிந்தா 1995இல். அதைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன்தான், இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரித்தவர். 2000இல் கொச்சிக்கு அருகே வீகாலாண்டு வந்தது. இப்போது அதன் பெயர் வொண்டர்லா. அதற்குப் பிறகு நம் பக்கத்துப் பள்ளிகளின் சுற்றுலாவே மாறிப்போனது. அதுவரை கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு என்று காலையில் போய் ராத்திரி திரும்பி வருவோம். அதன் பிறகு ராத்திரி பஸ் ஏறி, விடியக் கேரளத்தில் இறங்கி, பகல் முழுக்க ஆடிவிட்டு மறு ராத்திரி திரும்புவது என்றாயிற்று.

2003 ஜனவரியில் நானும் அப்படி ஒரு சுற்றுலாவுக்கு எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கேரளத்துப் பூங்கா ஒன்றுக்குப் போனேன். 48 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். தண்ணீர் விளையாட்டு இருப்பதால் ஆளுக்கொரு பையில் மாற்றுத் துணி. லாக்கர் எடுத்தால் தனிக் காசு. பீடி சுற்றியும் கூலி வேலை பார்த்தும் தவணை தவணையாகச் சுற்றுலாக் காசு கட்டிய வீட்டுப் பிள்ளைகள்தான் பாதிப் பேர். அந்தச் செலவை மிச்சம் பண்ண நான் ஒரு திட்டம் போட்டேன். பைகளை எல்லாம் ஒரு மரத்தடியில் குவித்து வைப்பது, மணிக்கு ஒரு பையன் காவல் இருப்பது, ஒரு மணி முடிந்ததும் அடுத்தவன் வந்து மாற்றிவிடுவது. அட்டவணையே எழுதினேன். முதல் மணிக்கு, பொறுப்பான பையன் என்று ஒருவனை உட்கார வைத்தேன்.

சவாரி மூன்று நிமிடம். ஒரு மணி நேரத்தில் நாலைந்து சவாரி முடித்துவிட்டு அடுத்தவன் வந்துவிடுவான் என்பது என் கணக்கு. வரிசையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இரண்டாம் மணிக்குப் போக வேண்டியவன் ஒரு மணி நேரமாக நின்ற வரிசையைவிட்டு வர மனமில்லாமல் நின்றுவிட்டான். மூன்றாமவன், தனக்கு முன்னால் உள்ளவன் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். மதியம் புளியோதரைப் பொட்டலம் கொடுக்கப் போனேன். அதே பையன் உட்கார்ந்திருந்தான். "மாத்த ஆள் வரலியாடா?" என்றேன். "வருவாங்க டீச்சர்" என்றான். நானும் சரி என்று போய்விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொருவனும் எத்தனை சவாரி போனேன் என்று கத்திக்கொண்டு வந்தார்கள். ஆறு, ஏழு, ஒருத்தி ஒன்பது. இவனிடம் "நீ எத்தனைல?" என்று கேட்டேன். "என் பையத் தவிர நாப்பத்தேழு பை டீச்சர். ஒண்ணும் குறையல" என்றான்.

நாகர்கோவில் தாண்டும் வரை நான் யாரிடமும் பேசவில்லை.

என் கணக்கு எங்கே தப்பியது? காத்திருப்பதற்கு ஒரு கணிதமே இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909இல் அதைத் தொடங்கி வைத்தார். எத்தனை இணைப்பு வைத்தால் பேச வருபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. டிரங்க் கால் பதிந்துவிட்டுத் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு இது உடனே புரியும். பிறகு 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் ஓர் எளிய விதியை நிரூபித்தார். எட்டாம் வகுப்புக்கு இப்படிச் சொல்லலாம்: வரிசையில் நிற்பவர் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் ஏறிப் போகிறவர் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும்.

ஒரு ராட்டினத்தில் 24 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். ஏற்றி, இறக்கி, பெல்ட் மாட்டி, சுற்றி முடிக்க நான்கு நிமிடம். மணிக்கு 15 தடவை, 360 பேர். உங்களுக்கு முன்னால் 540 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம். சவாரி எவ்வளவு நேரம் என்று பார்க்காதே, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை விழுங்குகிறது என்று பார். எனக்கு அன்று தெரியாமல் போனது இதுதான்.

டிஸ்னிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1969இல் திறந்த அவர்களுடைய பேய் மாளிகையில் வண்டிகள் நிற்பதே இல்லை. சங்கிலிபோல ஓடிக்கொண்டே இருக்கும். நகரும் தரையில் நடந்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மணிக்கு 2,000 பேருக்கு மேல் போகலாம். வரிசையைக் குறைக்க நேர்மையான வழி இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

அடுத்த வழி 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ். ஒரு இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இத்தனை மணிக்கு வா என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். காசு கிடையாது, எல்லோருக்கும் பொது. அந்த நேரத்துக்கு வந்தால் சின்ன வரிசையில் நேரே ஏறலாம். நல்ல யோசனைதான். ஆனால் துண்டுச் சீட்டு வாங்கியவர் சும்மா இருப்பாரா? அந்த நேரத்தில் இன்னொரு ராட்டினத்தின் வரிசையில் போய் நிற்பார். ஒரே ஆள் இரண்டு வரிசையில் இருப்பதுபோல. ரேஷன் கடையில் பையையும் கல்லையும் வரிசையில் போட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவோமே, அதேதான்.

2021இல் அந்த இலவச முறை போய், காசுக்கு லைட்னிங் லேன் வந்துவிட்டது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் எக்ஸ்பிரஸ் என்று விற்கிறார்கள். நம் நாட்டு வொண்டர்லாவில் ஃபாஸ்ட் ட்ராக். பெயர்தான் வேறு.

இப்போது பழைய கணக்குக்கு வாருங்கள். அந்த 24 இருக்கையில் 8 இருக்கையைக் காசு கொடுத்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டால், பொது வரிசைக்கு 16. மணிக்கு 240 பேர். அதே 540 பேர் நின்றால் ஒன்றரை மணி நேரம் இரண்டேகால் மணி நேரமாகிறது. ராட்டினம் ஒரு சுற்றுகூட அதிகம் சுற்றவில்லை, ஒரு ஆள்கூட அதிகம் ஏறவில்லை. அந்த முக்கால் மணி நேரம் காசு கொடுத்தவர் காலிலிருந்து கொடுக்காதவர் காலுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் அடிமட்டத்தை 2013இல் பார்த்தார்கள். டிஸ்னியில் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஒரு சலுகை இருந்தது. நியூயார்க் பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு இவ்வளவு என்று கூலிக்கு அமர்த்தி, சொந்தக்காரர்போலக் கூடவே கூட்டிப்போய் வரிசையைத் தாண்டுவதாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் விதியையே மாற்றினார்கள். நஷ்டம் உண்மையிலேயே முடியாதவர்களுக்கு.

அமெரிக்காவைச் சொல்லிக்கொண்டிருப்பானேன்? நமக்குப் பக்கத்திலேயே கன்னியாகுமரி இருக்கிறது. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970 செப்டம்பரில் திறந்தது. 2000 ஜனவரி 1 அன்று 133 அடி வள்ளுவர் சிலை. போக வர பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுதான். அங்கும் சாதாரண டிக்கெட், சிறப்பு டிக்கெட் என்று இரண்டு வரிசை. திருமலையிலும் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் உண்டு. ஆனால் அங்கே இன்னொன்றும் செய்தார்கள். இலவச தரிசனத்துக்கும் நேரம் குறித்த டோக்கன் கொடுத்தார்கள். காசில்லாதவருக்கும் கடிகாரத்தைக் கொடுத்த ஏற்பாடு என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். முன்பெல்லாம் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவருக்குப் போக மறுபடி படகு வரிசை. நீர்மட்டம் தாழ்ந்தால் படகே போகாது. அய்யனைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். இப்போது எல்லோரும் நடந்தே போகிறார்கள். கண்ணாடித் தரையில் நிற்க எனக்குக் கால் நடுங்கியது வேறு கதை.

சரி, அவனுக்கு நான் எழுதிய பதில்.

தம்பி, வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். கையில் பணம் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள்தான் லீவு என்றால் வாங்குவதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காசு இல்லாமலேயே பாதி வரிசையைத் தவிர்க்கலாம். சனி, ஞாயிறு, பண்டிகை லீவு வேண்டாம். செவ்வாயோ புதனோ போ. கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் நில். திறந்ததும் கூட்டம் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில் நின்றுவிடும். நீ புகழ்பெற்ற சவாரிகளில் உள்ளே தள்ளி இருப்பதற்கு நேரே போய் முன்னோக்கி வா. காலையில் தண்ணீரில் இறங்காதே, மதியம் எல்லோரும் அங்கே போகும்போது மற்றவை காலியாகும். பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடு, ஒரு மணிக்கு மற்றவர்கள் தட்டோடு நிற்கும்போது நீ ராட்டின வரிசையில் நில். எந்த வரிசையிலும் சேரும் முன் வாட்ச்சைப் பிடித்து நான்கு நிமிடம் பார். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி வகு. பிள்ளைகளையே வகுக்கச் சொல்.

கடைசியாக, லாக்கர் எடுத்துக்கொள். பைக்கு யாரையும் காவல் வைக்காதே. 2003இல் உன்னை அந்த மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு மதியம் பார்த்தும் மாற்றாமல் போனது என் தப்பு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு குரல்பதிவு ஒன்று வந்தது. "டீச்சர், அதெல்லாம் மறந்தே போச்சு" என்றான். மறக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அப்புறம், ராட்டினத்துக்கு எத்தனை இருக்கை என்று பூங்காக்காரர்கள் எங்காவது போட்டிருப்பார்களா என்று கேட்டான்.

வரும் செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறான். நான்கு பேர், சாதாரண டிக்கெட். எத்தனை சவாரி கிடைத்தது, எந்த வரிசையில் எவ்வளவு நேரம் ஆனது என்று மூத்த பெண் நோட்டில் குறித்துக்கொண்டு வருவாளாம். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

2003 பயணத்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டாம் மணிக்கு மாற்றப் போக வேண்டியவன் யார் என்று கமெண்டில் சொல்லலாம். அட்டவணைத் தாள் என்னிடம் இல்லை.