பரம்பரை என்று நினைத்தது

நம்மூர் லேப் சீட்டுகளில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்: நெகட்டிவ்’ என்ற வரியைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்துக்குத்தான் அந்தப் பெயர். கல்லீரலைத் தாக்கும் கிருமிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்ன சம்பந்தம்?

கதை தென் அமெரிக்காவின் சூரினாமில் தொடங்குகிறது. 1950-இல் பாரூக் புளூம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர், மோயங்கோ என்ற சுரங்க ஊருக்கு வந்தார். ஆப்பிரிக்கர், இந்தியர், சீனர், ஜாவாக்காரர் என்று பல தேசத்து வம்சாவளியினர் அங்கே இருந்தார்கள். யானைக்கால் நோய் சிலரை வாட்டியது. சிலரை அண்டவே இல்லை. ஊர் ஒன்றாக இருந்தும் உடம்பு ஏன் வேறுபடுகிறது? பரம்பரை வித்தியாசம்தான் காரணமாக இருக்கும் என்று அவர் நம்பினார். அதைத் தேடி, பல நாட்டு மக்களின் ரத்தத்தைச் சேகரிக்கத் தொடங்கினார்.

தேட ஒரு வழியும் கண்டார். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு அடிக்கடி பிறர் ரத்தம் ஏற்றப்படும். அந்நியப் புரதம் எது வந்தாலும் அவர்கள் உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். 1963-இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி ஆல்டருடன் சேர்ந்து அவர் செய்த சோதனையில், அப்படிப்பட்ட ஒரு நோயாளியின் சீரமும் ஓர் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மனிதரின் சீரமும் ஜெல்லில் சந்தித்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. புதுப்பொருள், பெயர் வேண்டும். ரத்தம் வந்த ஊரையே வைத்தார்கள்.

அந்தப் பொருள் அமெரிக்கர்களிடம் அரிதாகவும், ஆசியாவிலும் வெப்ப நாடுகளிலும் அதிகமாகவும் இருந்தது. பரம்பரைதான் என்ற எண்ணம் வலுத்தது. அதை உடைத்தவன் ஒரு சிறுவன். டவுன் சிண்ட்ரோம் உள்ள அவனுக்கு முதல் சோதனையில் நெகட்டிவ். 1966-இல் மறுபடி பார்த்தால் பாசிட்டிவ். பிறப்போடு வந்த குணம் நடுவில் எப்படி முளைக்கும்? ஆராய்ந்தபோது அவன் கல்லீரல் அழற்சி கண்டிருந்தது. அடுத்து, புளூம்பெர்க்கின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த பெண் ஒருவருக்குக் காமாலை வந்தது. அவருடைய ரத்தத்திலும் கோடு விழுந்தது. வந்தது நோய்க்கிருமி என்பது விளங்கிற்று. 1970-இல் லண்டனில் டேவிட் டேன் அதன் முழு உருவத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். 1976-இல் புளூம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் நாட்டுக்கு நாடு மாறிய அந்தக் கணக்கு? அது பொய்யில்லை, கிருமியின் கணக்கு அது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடும். பெரியவர்களில் 5 பேருக்கும் குறைவு. தாய்வழியாக வந்ததால்தான் பரம்பரைபோலத் தோன்றியது.

மரபு வித்தியாசம் கிருமியிடமும் உண்டு. அதன் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 3,200 எழுத்துகள் கொண்டது. அதில் 8 சதவீதம் வேறுபட்டால் தனி வகை என்று 1988-இல் ஜப்பானின் ஹிரோவாகி ஓகமோட்டோ குழு வகுத்தது. அன்று நான்கு வகை; இன்று ஏ முதல் ஜே வரை பத்து. கிழக்காசியாவில் பி, சி. மத்தியதரைக் கடலோரத்திலும் இந்தியாவிலும் டி. மேற்கு ஆப்பிரிக்காவில் ஈ. அடிமைகளாக லட்சக்கணக்கானோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டும், அவர்கள் சந்ததியிடம் ஈ வகை அரிது. அந்த அடிமை வணிகம் ஓய்ந்த பிறகே அது மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள்.

பெயர் கொடுத்த ஊரில் என்ன இருக்கிறது? வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் சி4 என்ற உட்பிரிவு, அவர்களுக்கே உரியதாக இருக்கிறது. தடுப்பூசிகள் பெரும்பாலும் ஏ வகையின் மேலுறையைக் கொண்டு செய்யப்பட்டவை. பொதுவாக எல்லா வகைகளையும் அவை தடுக்கின்றன. சி4-ஐ அதே அளவு தடுக்கின்றனவா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. விடை தேட, ஜெல்லில் முதல் கோடு விழக் காரணமான ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம்தான் மறுபடி ரத்தம் கேட்டு நிற்கிறார்கள்.