போர் முடிந்தது, தேர்தல் வரவில்லை

1963 டிசம்பர் 28ஆம் தேதி மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. மறுநாள் இரவு சபாவின் கலபாக்கானில், எல்லை தாண்டி வந்த இந்தோனேசியப் படையினர் நம் முகாமைத் தாக்கி அரச மலாய் ரெஜிமெண்டைச் சேர்ந்த எட்டுப் பேரைக் கொன்றார்கள். மலேசியா பிறந்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. ஆக நம்ம நாட்டுத் தொலைக்காட்சிக்குப் பிறந்த மறுநாளே ஒரு போர்ச் செய்தி கிடைத்துவிட்டது. வெளிநாட்டுக்கென்று 'சுவாரா மலேசியா' வானொலி அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியிருந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, ஜனவரி 20ஆம் தேதி, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாண்ட்ரியோ 'கொன்ஃப்ரொந்தாசி' என்ற சொல்லை அறிவித்திருந்தார். அந்தச் சொல்லும் நம் ஒலிபரப்பும் சேர்ந்து வளர்ந்தவை என்றே சொல்லலாம்.

இந்தப் போரை நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். சுகார்னோ மலேசியாவை நசுக்குவேன் என்றார், நாம் எதிர்த்து நின்றோம், 1966-ல் சமாதானம். அவ்வளவுதான். எங்கோ போர்னியோ காட்டில் நடந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஜொகூர்க்காரர்கள் அப்படி நினைக்க நியாயமே இல்லை.

1964 ஆகஸ்ட் 17. இந்தோனேசியாவின் சுதந்திர நாள். அன்றைக்கு நூறு பேர் அளவிலான படை கடல் வழியாகப் பொந்தியான் கரையில் இறங்கியது. செப்டம்பர் 2ஆம் தேதி லாபிஸ் பக்கம் 96 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். லாபிஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு ஆதரவு இருந்த வட்டாரம் அது. இறங்கியதும் ஊர்மக்கள் எழுந்து வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று ஜகார்த்தாவில் கணக்குப் போட்டார்கள். யாரும் எழவில்லை. இடி மழையில் ஆளுக்கொரு பக்கம் சிதறி விழுந்தவர்களை கூர்க்காக்களும் நியூசிலாந்துப் படையும் தேடிப் பிடித்தன. ஒரு மாதத்துக்குள் 96 பேரில் 90 பேர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், லயங்கள். காலையில் பால்மரம் வெட்டப் போகும் நிரையில் துப்பாக்கியோடு ஒருவன் நிற்கக்கூடும் என்ற பயத்தோடு நம்மவர்கள் வேலைக்குப் போன மாதம் அது.

இந்த இடத்தில் துங்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துங்கு அப்துல் ரஹ்மானை இன்று நாம் ஒரு நல்ல தாத்தாவாக, சமையலும் குதிரைப் பந்தயமும் பிடித்தவராக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். வெளியுறவில் அவர் உறுதியான வலதுசாரி. (தமிழில் இதற்கு நல்ல சொல் இல்லை. 'பழமைவாதி' என்றால் திட்டுவதுபோல இருக்கிறது.) ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்க அணிசேராமை பேசப்பட்ட காலத்தில் அவர் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்துக்கொண்டார். 1959-ல் திபெத் விவகாரத்தை ஐ.நா. பொதுச்சபைக்கு அயர்லாந்தோடு சேர்ந்து கொண்டுபோனது மலாயா. 1962-ல் சீனா இந்தியாவைத் தாக்கியபோது, நேருவே பெயர் சொல்லிக் கண்டிக்கத் தயங்கிய பல நண்பர்களை வைத்துக்கொண்டு தவித்த நேரத்தில், துங்கு வெளிப்படையாக இந்தியா பக்கம் நின்று ஜனநாயகத்தைக் காப்பாற்ற என்று ஒரு நிதியே திரட்டினார். சின்ன நாடு, பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் வாழ வேண்டும் என்றால் சட்டமும் நம்பகமான கூட்டாளியும் வேண்டும், முழக்கம் காப்பாற்றாது. இதுதான் அவர் கணக்கு. இதற்காக 'நவகாலனியத்தின் கைப்பாவை' என்று ஜகார்த்தா அவரைத் திட்டியது. மூன்றாம் உலக மேடைகளில் அந்த வசை எடுபட்டது. சுகார்னோ பேச்சாளர், பாண்டுங் மாநாட்டின் நாயகன். துங்குவுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தது. லாபிஸ் சம்பவம் நடந்த சில நாளில் மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குப் போனது. போய்ப் பேசியவர் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான், ஜொகூர் பாருவில் பிறந்தவர், அப்போது உள்துறை அமைச்சர். பிடிபட்ட ஆயுதங்களை மன்றத்துக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இந்தோனேசியத் தரப்பு, தங்கள் 'தொண்டர்கள்' மலேசிய மண்ணில் இருப்பதை மறுக்கவில்லை. நார்வே கொண்டுவந்த தீர்மானத்துக்கு 9 ஓட்டு ஆதரவு, 2 எதிர்ப்பு. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் ஒன்றியம் என்பதால் தீர்மானம் வீட்டோவில் செத்தது. செத்தாலும் வேலை செய்தது. மறு ஆண்டு மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம் பெற்றபோது கோபித்துக்கொண்டு ஐ.நா.வை விட்டே வெளியேறியது இந்தோனேசியாதான். நம் சார்பில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆர். ரமணி என்ற இந்திய வம்சாவளி வழக்கறிஞர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரின்போது அவர் அங்கே ஆற்றிய உரையால் பாகிஸ்தான் நம்மோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுத வேண்டும்.

போர் நடக்கும்போது பத்திரிகை என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதற்கு வருவோம். பொந்தியானும் லாபிஸும் பெரிய செய்தி ஆயின. போர்னியோவில் நடந்த ஒரு விஷயம் செய்தியே ஆகவில்லை. 1964 நடுவிலிருந்து பிரிட்டிஷ், கூர்க்கா, பிறகு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் எல்லையைத் தாண்டி இந்தோனேசியாவுக்குள்ளேயே போய்த் தாக்கின. 'கிளாரட்' என்பது அதற்கு வைத்த ரகசியப் பெயர். முதலில் சில ஆயிரம் கெஜம், 1965-ல் பத்தாயிரம் கெஜம் வரை உள்ளே போக அனுமதி இருந்தது. இது 1974 வரை வெளியே வரவில்லை. நாம் தற்காப்பு மட்டுமே செய்கிறோம் என்றுதான் உலகம் நம்பியது.

இதைக் கேட்டதும் 'பார்த்தாயா, ஊடகம் பொய் சொன்னது' என்று குதிக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ரகசியத்துக்கு ஒரு பயன் இருந்தது. தோற்றதைச் சுகார்னோ தன் மக்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் வரவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை, இவர்களும் பெருமை அடிக்கவில்லை. முழுப் போராக வெடிக்காமல் இருந்ததற்கு அந்த இரட்டை மௌனமும் ஒரு காரணம். காமன்வெல்த் தரப்பில் செத்தவர்கள் 114 பேர், இந்தோனேசியத் தரப்பில் சுமார் 590 பேர். ஜகார்த்தாவில் ஆட்சி மாறி, 1966 ஆகஸ்ட் 11-ல் ஆடம் மாலிக்கும் துன் அப்துல் ரசாக்கும் கையெழுத்துப் போட்டார்கள். அதே ஆண்டுகளில் வியட்நாமில் என்ன நடந்தது என்று யோசித்தால், இதன் அளவு புரியும்.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. அது ரகசியமே இல்லை. நாடாளுமன்றத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்பட்டது, அச்சிலும் வந்தது.

1965 பிப்ரவரி 28-ல் கோத்தா திங்கியில் சிங்கப்பூர் காலாட்படையின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த எட்டு வீரர்கள் பதுங்கித் தாக்கியவர்களிடம் பலியானார்கள். சிங்கப்பூர் அப்போது மலேசியாவின் ஒரு மாநிலம். அந்த இரத்தம் காயாத மார்ச் தொடக்கத்தில் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. இது தற்காலிகம்தான், சமாதானம் வந்த உடனே தேர்தல் நடக்கும் என்று துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கொடுத்தார். போர் நேரத்தில் இது பெரிய விஷயமாகப் படவில்லை. எல்லையில் ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் ஓட்டுப் போடவில்லை என்றால் என்ன?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே போருக்கு நடுவில், 1964 ஏப்ரல் 25-ல், பொதுத்தேர்தலே நடந்தது. கூட்டணிக் கட்சி தீபகற்பத்தின் 104 இடங்களில் 89-ஐ அள்ளியது. போர்தான் அதன் பெரிய பிரசாரம். ஆகஸ்டுக்குப் பிறகு நிலைமை மோசமானது என்று பதில் சொல்லலாம், உண்மைதான். இன்னொரு உண்மையும் உண்டு. பினாங்கு ஜார்ஜ் டவுன் மாதிரி நகரங்களில் ஊராட்சி சோசலிச முன்னணியின் கையில் இருந்தது. 1965 ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிலரை, இந்தோனேசிய உதவியோடு நாடு கடந்த அரசு அமைக்கத் திட்டமிட்டார்கள் என்று இசா சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். கேள்வி கேட்கும் பத்திரிகைகளும் குறைந்திருந்தன. உத்துசான் மெலாயுவை அம்னோ கட்டுப்படுத்துவதை எதிர்த்து 1961-ல் வேலைநிறுத்தம் நடத்திய அதன் ஆசிரியர் சைட் சஹாரி, 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கைதாகி 17 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துங்குவின் கூட்டணியே ஓர் ஊராட்சித் தேர்தலில் பிறந்தது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் டத்தோ ஓனின் கட்சியைத் தோற்கடிக்க அம்னோவும் மசீசவும் கைகோத்து 12 இடங்களில் 9-ஐ வென்றன. மூன்று ஆண்டு கழித்து நாட்டையே வென்ற கூட்டணிக்கு விதை அந்தப் பன்னிரண்டு இருக்கை. தாங்கள் ஏறி வந்த ஏணியைத்தான் போர்க்காலத்தில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள்.

சமாதானம் வந்தது. தேர்தல் வரவில்லை. 1965-லேயே ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் மஇகாவின் செனட்டர் ஆதி நாகப்பன். நம்மில் பலருக்கு அவர் மனைவி ஜானகியை நன்றாகத் தெரியும், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர் என்று. ஆதி நாகப்பன் அறிக்கையைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆளுங்கட்சிக்காரர் தலைமையிலான ஆணையம், சில மன்றங்களில் நடந்த முறைகேடுகளையும் பார்த்துவிட்டு, 1968-ல் என்ன பரிந்துரைத்தது? மீண்டும் தேர்தல் நடத்துங்கள் என்றது. திருடன் புகுந்தான் என்பதற்காக வீட்டை இடிக்க வேண்டாம் என்கிற அசல் வலதுசாரி வாதம் அது. வேலை செய்யும் நிறுவனத்தைத் திருத்து, கலைக்காதே.

அறிக்கை வெளிவருவதற்குள் 1969 மே 13 நடந்துவிட்டது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தற்காலிகத்தை நிரந்தரம் ஆக்கியது. கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கும். முடிந்தது.

துங்கு அதற்குள் பதவி விலகி பினாங்கில் இருந்தார். 'தி ஸ்டார்' பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதினார். முன்னாள் பிரதமர் பத்தி எழுதுவது இன்று சாதாரணம், அப்போது புதுமை. வயதாக ஆக அவர் எழுத்தில் காரம் ஏறியது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற நடவடிக்கையில் நூறு பேருக்கு மேல் இசாவில் பிடிக்கப்பட்டார்கள். அந்தச் சட்டம் 1960-ல் துங்குவின் அரசு கொண்டுவந்தது. 'ஸ்டார்' உட்பட மூன்று பத்திரிகைகளின் உரிமம் ரத்தானது. 1988 மார்ச்சில் 'ஸ்டார்' திரும்பி வந்தது, துங்குவின் பத்தி வரவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. வெளியே சுகார்னோவிடம் சட்டத்தைக் காட்டிப் பேசிய மனிதர், உள்ளே சட்டத்தைக் கொஞ்சம் நாளைக்கு ஓரமாக வைத்தார். அந்தக் கொஞ்ச நாள் அவருடைய வாழ்நாளைவிட நீண்டது.

ஊராட்சித் தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டாம் என்பவர்களிடமும் ஒரு வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. நகரத்தில் ஓர் இனம், புறநகரில் ஓர் இனம் என்று நாடு இருக்கும்போது ஊராட்சித் தேர்தல் இனப் பிளவை ஆழமாக்கும் என்றார் மகாதீர், 2018-ல். 1950களுக்கு இது பொருந்தியிருக்கும். இன்றைய ஜொகூர் பாருவில் யார் எங்கே வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். பினாங்கு 2012-ல் சொந்தமாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

பெர்மாஸ் ஜெயாவில் தெருக்களுக்கு எண்தான் பெயர். செனிபோங் கரையில் நின்றால் நீரிணைக்கு அந்தப் பக்கம் செம்பாவாங் தெரியும், பிரிட்டிஷ் கடற்படைத்தளம் இருந்த இடம், துங்குவின் பாதுகாப்பு ஒப்பந்தம் நம்பி நின்ற இடம். ஊர் எழுந்தது 1976-க்குப் பிறகு. ஆகவே சந்து விளக்கு எரியாததற்கும் வாய்க்கால் அடைத்துக்கொண்டதற்கும் பொறுப்பான கவுன்சிலரை இந்த ஊர் ஒரு நாளும் தேர்ந்தெடுத்ததில்லை. பலருக்கு அவர் பெயரே தெரியாது. நாட்டில் கடைசியாக ஊராட்சித் தேர்தல் நடந்தது 1963-ல். வாக்களிக்கும் வயது அப்போது 21. அந்தப் பெட்டியில் சீட்டுப் போட்டவர் யாராவது நம் குடியிருப்பில் இருந்தால், அவருக்கு இன்று எண்பத்து மூன்று வயதாவது இருக்கும்.